நான் சொன்ன நாற்பது

சாலைக் கம்போளக் கடைத்தெருவில் வளர்ந்தவர்கள் யாரும் முதலில் சொல்லும் விலையை விலையாக எடுத்துக்கொள்வதில்லை, சார். அங்கே எங்கள் அப்பாவுக்கு மிளகு, சுக்கு வியாபாரம். மலையாளத்தில் கேட்பவருக்கு ஒரு விலை, தமிழில் கேட்பவருக்கு ஒரு விலை, இரண்டுமே பொய். பேசிப் பேசித் தொண்டை வற்றியபின் வருவதுதான் நிஜம். அதில் யாருக்கும் மனவருத்தம் கிடையாது.

படித்து இஞ்சினியராகி நான் சேர்ந்த கம்பெனியிலும் அதே வழக்கம் இருந்தது வசதியாகப் போயிற்று. மேலதிகாரி ராமசுப்ரமணியன் சார், வலியசாலைக்காரர். எந்தக் கணக்கைக் கொண்டுபோனாலும் பாதியாக வெட்டுவார். "குற்றாலலிங்கம், இது என்ன உங்கப்பா கடையா ஓய்? பாதியாப் போட்டுண்டு வாரும்" என்பார். ஆகவே முப்பது வேண்டுமென்றால் நாங்கள் அறுபது கேட்போம். கேட்டது அறுபது, கிடைத்தது முப்பது, இரண்டு பேருக்கும் திருப்தி.

எங்கள் வேலை வடிகட்டி செய்வது. காப்பி வடிகட்டி அல்ல, கணக்கால் ஆனது. ஓடும் யந்திரத்திலிருந்து சென்சார் சொல்வதில் பாதி இரைச்சல். வடிகட்டி அதைக் கழித்துவிட்டு, இப்போது வேகம் இவ்வளவு என்று பிரேக்குக்குச் சொல்லும். ஆனால் யந்திரம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. ஆள் ஏறினால் எடை மாறும். எவ்வளவு தூரம் மாறலாம் என்று முன்கூட்டியே எல்லை போட்டுக் கொடுக்கவேண்டும். அந்த எல்லைக்குள் எது நடந்தாலும் வடிகட்டி அசராது. எல்லை தாண்டினால் நிஜத்தையே இரைச்சல் என்று நினைத்துத் தள்ளிவிடும். எல்லையைச் சும்மா அகலமாக்கவும் முடியாது. வண்டி நத்தையாக ஊரும்.

அப்படி அசராத வடிகட்டி செய்ய ஒரு வழியை நான் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். தொண்ணூற்றெட்டில் ராமசுப்ரமணியன் சார் அதைப் பெங்களூர் மாநாட்டில் தம் பெயரில் வாசித்தார். திரும்பி வந்து எனக்கு மைசூர்பாகு கொடுத்தார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. களவு போனதில் எனக்கு ஒன்றுமில்லை சார். விலை கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாரே, அதுதான்.

பொறுத்திருந்தேன். விழிஞ்ஞம் பக்கம் ஒரு ஹோட்டல்காரர், பாறை உச்சியிலிருந்து கடற்கரைக்கு ஆட்களை இறக்கக் கம்பிவடத்தில் ஓடும் பெட்டி ஒன்று வைத்தார். அதன் வேகத்தைக் கணிக்கும் வடிகட்டி எங்கள் பொறுப்பு. அவசரப் பிரேக்கும் அதன் பேச்சைத்தான் கேட்கும். பெட்டி நிறைந்தால், நாங்கள் கணக்குக்கு வைத்துக்கொண்ட எடையைவிட நாற்பது சதம் கூடும். வழக்கப்படி எண்பது என்று நான் கேட்டிருக்கவேண்டும். நாற்பது என்றே சொன்னேன்.

"நாற்பதா? பெட்டி ஊர்றதுன்னு ஹோட்டல்காரன் கத்துவான். இருபது போடும்."

"சார், நாற்பது வேணும்."

"எல்லாரும் அப்படித்தான் ஓய் சொல்றேள்."

சிரித்தார். நானும் சிரித்தேன். இருபதே போட்டேன். அவரிடம் நான் உண்மையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

காலிப் பெட்டியை ஓட்டிப் பார்த்தோம், இரண்டு பேரை ஏற்றிப் பார்த்தோம். பூப்போல வந்து நின்றது. நிறைத்துப் பார்க்க அவர் சொல்லவில்லை, நான் ஞாபகப்படுத்தவில்லை. திறப்பு நாளில் தாமே முதலில் இறங்குவதாகச் சொன்னார். அவர் ஒல்லியான மனுஷர். அவர் ஒருவர் எடைக்கு ஒன்றும் ஆகாது.

ஆள் கூப்பிடுவது எங்களுக்குப் பரம்பரைத் தொழில். "சார் தனியாப் போறாரு, வாங்க, கேறுங்க, முதல் சவாரி ஓசி" என்று வாசலில் நின்று அழைத்தேன். கொத்தனார்கள் ஏறினார்கள். சமையல்காரர் ஏறினார். வரவேற்பில் பூத்தட்டோடு நின்ற பெண்கள் ஏறினார்கள். எங்கள் ஆபீஸ் ஜெபமலர் மட்டும் தள்ளி நின்றாள்.

"வேண்டாம்ண்ணா, எனக்குத் தலை சுத்தும். நெறைய ஆளு கேறியாச்சுல்லா?"

"இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கு பிள்ளே. பயமாருந்தா கண்ணை மூடிக்கோ."

ஏறும்போது கையில் சாப்பாட்டுப் பை வைத்திருந்தாள். நெரிசலில் இடைஞ்சலாக இருக்குமே என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பெட்டி ஒழுங்காகத்தான் புறப்பட்டது. பாதி வழியில் வேகம் பிடித்தது. வடிகட்டி அதை இரைச்சல் என்று தள்ளியது, பிரேக் பிடிக்கவில்லை. கீழே பாறை. மேலே நின்ற எனக்கு முதலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது.

கொலை என்று எழுதப்போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். நிறைந்த பெட்டி நிற்காது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நிறைத்தேன். ஆனால் என் விரோதம் அவர் ஒருவரோடு மட்டும்தான் சார். மற்றவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர்கள் எடைக்காக ஏறினவர்கள்.

ஜெபமலருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அவள் வீட்டிலிருந்து யாராவது வந்தால் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் பொருள் நமக்கு எதற்கு?