வயரிங் கோளாறு

டீ நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா. ஸ்டேஷன் டீ இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஆறுச்சாமி. இருபத்திரண்டு வருடமாக மைக்செட், ஆம்ப்ளிஃபயர், கோயில் ஸ்பீக்கர் என்று ஒயரோடுதான் பிழைப்பு. ஆயுத பூஜையன்று ஷாக் அடித்து இறந்துபோன பாலகோபாலின் ஸ்டுடியோவுக்கு வயரிங் செய்தவன் நான்தான். அவரை எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர் வீட்டில் நான் சாமான் பையையே திறக்க மாட்டேன்.

சரவணம்பட்டியில் சோளக்காட்டை ஒட்டி அவர் வீடு. அப்பாவின் லேத் பட்டறை வேண்டாம், பக்திப் பாட்டுக் கேசட் போடப் போகிறேன் என்று மாடி அறையை ஸ்டுடியோ ஆக்கினார். மெட்ராசிலிருந்து பழைய மெசின்களாக வாங்கி இறக்கினார். எதிரொலி கொடுப்பதற்கு ஒன்று, கத்திப் பாடினால் குரலை அமுக்குவதற்கு ஒன்று, எல்லாம் இரும்புப் பெட்டிகள். அத்தனையையும் ஒரே பலகைக்குக் கொண்டுவர வேண்டும். பேட்ச் பே என்பார்கள். தொண்ணூற்றாறு துளை, எந்தத் துளையில் ஒயரைச் செருகுகிறோமோ அந்த மெசினுக்குப் பாட்டுப் போகும். அதன் பின்பக்கம் ஏறக்குறைய முந்நூறு இடத்தில் ஈயம் வைத்தேன். ஓர் இடத்தில்கூட வழியவில்லை. நீங்கள் நாலு பேர் வந்து பார்த்தீர்கள். ஒருவராவது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா?

வேலை முடித்து ஸ்பீக்கரைப் போட்டால், அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். காரணத்தை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். எல்லா மெசினுக்கும் ஒரே இடத்தில் எர்த் கொடுத்திருந்தேன். பாலகோபால் டேப் மெசினை மட்டும் ஏசிக் காற்று படட்டும் என்று நகர்த்தி, அந்தப் பக்கத்துப் பிளக்கில் மாட்டிவிட்டார். அது வேறு எர்த். ஒரு சமையல்கட்டில் இரண்டு மாமியார் இருந்தால் முணுமுணுப்பு நிற்குமா? எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

அடுத்த வாரம் காந்திபுரத்துக் கேசட் கடைக்காரர்களைக் கூப்பிட்டு ஸ்டுடியோவைக் காட்டினார். பாட வந்த பெண் லோகப்பிரியாவும் இருந்தது. ஸ்பீக்கர் முனகியது.

“ஏனுங் ஆறுச்சாமிண்ணா, ஒயருக்குள்ள வண்டு ஏதாச்சும் பூந்துருச்சுங்களா?” என்றார் பாலகோபால். எல்லோரும் சிரித்தார்கள். “மைக்செட் கட்டுன கையிங்க. அதுக்கு இதே பெருசு.”

எங்கள் ஊரில் அவமானத்தைக்கூட ஒரு ‘ங்க’ போட்டு மரியாதையாகத்தான் கொடுப்பார்கள். வாங்கும்போது நோகாது, வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால்தான் நோகும். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதற்குப் பிறகு காந்திபுரத்தில் எந்தக் கடைக்குப் போனாலும், “என்னங், வண்டு போயிருச்சுங்களா?” என்றுதான் கேட்டார்கள்.

டேப் மெசினைப் பழைய இடத்தில் வைத்தால் இரைச்சல் போய்விடும். பத்து நிமிட வேலை. ஆனால் தப்பு அவருடையது என்று ஆகிவிடும், அவர் மனது கஷ்டப்படும். அதனால் வேறு வழியில் போனேன். அத்தனை பிளக்கிலும் எர்த் ஒயரை வெட்டிவிட்டேன். மெசினில் கரண்டு கசிந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடுகிற ஒயர் அது. அது இல்லாவிட்டால், தொடுகிற ஆள் வழியாகத்தான் இறங்கும். இரைச்சல் அந்த நொடியே நின்றது.

“இத மொதல்லயே செஞ்சிருக்கலாமுல்லீங்ண்ணா” என்று தோளைத் தட்டினார்.

“வண்டு போயிருச்சுன்னு கடையில ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க தம்பி” என்றேன்.

“அட, அதெல்லாம் எதுக்குங்ண்ணா.”

சொல்லியிருந்தால் எர்த்தை மறுபடி சேர்த்திருப்பேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எந்தப் பட்டறையிலும் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் மெசினுக்குச் சந்தனம் வைப்பார்கள். லேத் பட்டறைக்காரர் மகனுக்குத் தெரியாததல்ல. “மெசின்ல லைட்டெல்லாம் எரிஞ்சாத்தானுங் தம்பி போட்டோவுல எடுப்பா இருக்கும். பூசை மணியவே மொதச் சத்தமாப் பதிஞ்சுபோடலாமுங்க” என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். தானே டேப்பை ஓடவிட்டார்.

சந்தனக் கிண்ணத்தோடு முதலில் வந்தது அவர் மனைவி சண்முகப்ரியா. “நீங்க தொடாதீங்க அம்மணி. தம்பி கையாலயே வெக்கோணும்” என்று தடுத்தவன் நான்தான். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மணி இன்றைக்கு உயிரோடு இருப்பது என்னால். யாருக்கும் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை நான்.

அப்போதுதான் கழுவிவிட்ட மொசைக் தரை. அவர் வெறுங்கால். கையில் ஈரச் சந்தனம். குரலை அமுக்குகிற அந்தப் பெட்டிக்குள் கரண்டு ஒயரை இரும்போடு சேர்த்துவைத்தது நான்தான், அன்று காலையில், மெசினைத் துடைக்கிறேன் என்று சொல்லிவிட்டு. பூஜை நடக்கும்போது கதவோரம் ரப்பர் விரிப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

டேப் கடைசிவரை ஓடியது. சாட்சிப் பொருள் என்று நீங்கள் எடுத்துவைத்திருக்கிறீர்கள். போட்டுக் கேளுங்கள். மணி கேட்கும், கிண்ணம் விழுவது கேட்கும், அம்மணி கத்துவது கேட்கும். நடுநடுவே வெறும் அமைதி. எவ்வளவு சத்தமாக வைத்தாலும் ஒரு முனகல் இருக்காது.

நீங்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை. விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். நானும் பேசாமல் வீட்டில்தான் இருந்தேன். இன்று காலைப் பேப்பரைப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறி வந்தேன். ‘வயரிங் கோளாறால் ஸ்டுடியோ அதிபர் பலி’ என்று போட்டிருக்கிறார்கள். கீழே என் பெயர் வேறு.

கோளாறு ஒன்றும் இல்லை ஐயா. அதை மட்டும் திருத்திப் போடச் சொல்லுங்கள்.