துடைக்காமல் விட்ட பொட்டு

ஆயுதபூஜைக்கு நான் எந்த வருடமும் கஞ்சத்தனம் பண்ணியதில்லை, சார். காப்பார் சாலையில் எங்கள் தகரத் தொழிற்சாலை மாதிரி பூஜை போடுகிற இடம் வேறு கிடையாது. முதலாளி சீனர்தான். ஆனால் சந்தனம், வாழைக்கன்று, பூசணிக்காய் என்று எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார். தொழிலாளிகள் குடும்பத்தோடு வருவார்கள். புருஷன் ஓட்டுகிற மெஷினுக்குப் பெண்டாட்டி பொட்டு வைப்பாள். வைத்த பொட்டை அடுத்த பூஜைவரை யாரும் துடைக்கக் கூடாது. அது என் சட்டம், சூப்பர்வைசர் நான்தான். வங்கதேசத்து ஆட்கள்கூட பொட்டை விட்டுவிட்டுச் சுற்றித்தான் துணி போடுவார்கள்.

சுகுமாறனைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன்.

அதற்கு முன் நான் யார் என்று தெரிய வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். அப்பா தண்டவாளத்துக்குக் கட்டை தூக்கினார். ஒருநாள் கட்டை விழுந்து கால்விரல்கள் நசுங்கின. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார். சாகும்வரை நொண்டினார். ஆனால் எவனிடமும் போய்க் கை நீட்டவில்லை. இப்போது வருகிறவர்களுக்கு விரலில் தகரம் கீறினால் போதும். உடனே கிளினிக், உடனே எம்.சி. லீவு, உடனே சொக்சோ. வேலையில் அடிபட்டவனுக்குக் கிடைக்க வேண்டிய பணம் அது, எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை செய்தவன் வாங்கிக்கொள்ளட்டும். வேலைக்கு வந்தவனெல்லாம் வாங்க வேண்டுமா?

சுகுமாறன் அந்த இரண்டாவது ரகம். கை வேலை செய்யும்போதே வாய் சட்டம் பேசும். அவன் ஓட்டியது பிரஸ் மெஷின். தகரத்தை உள்ளே வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி மூடியாக வெட்டும். அதன் வாய்க்கு முன்னால் ஒரு கம்பிக் கூண்டு இருந்தது. கூண்டு இருந்தால் இடுக்கியால்தான் தகரத்தை வைக்க வேண்டும். வேலை நத்தை மாதிரி நகரும். முதலாளி வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். போன பூஜைக்கு முன்னாலேயே கூண்டைக் கழற்றி ஸ்டோரில் போட்டவன் நான்.

"அண்ணே, அந்தக் கூண்ட மாட்டிக் குடுங்கண்ணே. கை உள்ள போற மெஷினு லா இது," என்பான்.

"கைய எங்க வைக்கணும்னு தெரியாதவன் பாசார்ல கீரை விக்கப் போ லா," என்றேன் ஒருமுறை.

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்படிப்பட்ட ஆள். சட்டம் தெரியும், ஆனால் முதுகெலும்பு இல்லை.

அந்தப் பூஜைக்கு அவன் மனைவி தாமரை வந்தாள். கூண்டின் இரும்புச் சட்டம் உட்கார வேண்டிய இடம் காலியாக இருந்தது. அங்கேதான், இரண்டு திருகுத் துளைகளுக்கு நடுவில், சந்தனத்தைக் குழைத்து அப்பி மேலே குங்குமம் வைத்தாள். "இவரு கைய நீதான் பாத்துக்கணும்," என்று மெஷினிடம் சொன்னாள். மெஷினிடம் போய்ச் சொல்கிறாள், பாருங்கள்.

விபத்து தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் நடந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். ஆர்டர் பாக்கி இருந்ததால், முடித்துவிட்டுப் போ என்று அவனிடம் சொன்னேன். முனகிக்கொண்டே உட்கார்ந்தான். அச்சு அவன் கைமேல் முழங்கைவரை இறங்கியது.

ஓடிப் போய் அச்சைத் தூக்கி, அவனை வெளியே எடுத்துத் தரையில் கிடத்தினேன். அதுவரை யாராக இருந்தாலும் செய்வார்கள். அதற்குப் பிறகு யோசிக்கத் தெரிய வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தால் கூடவே ஆபீசர்களும் வருவார்கள். கூண்டு எங்கே என்பார்கள். தொழிற்சாலையைப் பூட்டினால் எத்தனை அடுப்பு அணையும்? எதையும் முறைப்படி செய்கிறவன் நான். முதலில் கூண்டு.

ஸ்டோரிலிருந்து அதை எடுத்து வந்து, ஒட்டடையைத் துடைத்து, மெஷின் பக்கத்தில் சாய்த்தேன். ஸ்பேனரையும் திருகுகளையும் கீழே போட்டேன். திருகுத் துளைகளில் கிரீஸ் அடைத்திருந்தது. சற்றுமுன்தான் கழற்றியது போல் இருக்க வேண்டுமே. ஆணியால் சுரண்டிச் சுற்றிலும் துடைத்தேன். காவடிக்கு வேல் வெட்டப் போகிறேன் என்று அவன் என்னிடம் கேட்டு வாங்கிய அலுமினியத் தகடு அவன் பையில் இருந்தது. அதை எடுத்து அச்சுக்குக் கீழே வைத்தேன். ஓய்வு நேரத்தில் தானே கூண்டைக் கழற்றிவிட்டுச் சொந்த வேலை பார்த்தான் என்றால் அது தொழிற்சாலை வேலை ஆகாது. பணமும் கிடையாது, பழியும் கிடையாது.

"அண்ணே... ஆம்புலன்ஸு..." என்றான்.

"கூப்டாச்சு லா. ஜாம்ல நிக்குது. பேசாம படு."

அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "தாமரைகிட்ட இப்ப சொல்லாதீங்கண்ணே. வெரதத்துல இருக்கா, பயந்துருவா," என்றான். சரி என்றேன். சொல்லவும் இல்லை. அந்த வாக்கை நான் மீறவில்லை.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கைப்பேசியை எடுத்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

நான் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். படித்தவர்களை நம்ப வைப்பது சுலபம். ஸ்பேனர் கீழே கிடந்தால் போதும். அப்புறம் ஒருநாள் தாமரை வந்தாள். கூடவே பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வக்கீலம்மா, பாதுகாப்பு ஆபீசர். செத்தவனை வைத்துப் பணம் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவள் அழவில்லை. மெஷின் முன்னால் குனிந்து நின்றாள்.

"லிங்கம் அண்ணே, அன்னிக்குத்தான் இவரு கூண்டக் கழட்டினாருன்னு சொன்னீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப பூஜைக்கு நான் எப்படிண்ணே இங்க பொட்டு வெச்சேன்?"

ஆபீசர் டார்ச் அடித்தார். இரண்டு துளைகளைச் சுற்றியும் இரும்பு பளபளவென்றிருந்தது. நடுவில் பூஜையன்று வைத்த பொட்டு, காய்ந்து வெடித்து, அப்படியே இருந்தது. என் துணி அதைத் தொடாமல் வளைந்து போயிருந்தது. பழக்கம், சார். சாமிப் பொட்டைத் துடைக்க என் கைக்கு வராது. ஆளைக் கிடத்தி வைத்துவிட்டு இத்தனையும் செய்த கை, அங்கே போனதும் ஒதுங்கிக்கொண்டது.

முதலாளிக்கு இப்போது என்னைச் சரியாக அடையாளம் தெரியவில்லையாம். போகட்டும். உடனே கூப்பிட்டிருந்தால் கைதான் போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். எழுதட்டும். ஒற்றைக் கையோடு, மாதாமாதம் பணம் வாங்கித் தின்றுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். எங்கப்பா அதை வாழ்க்கை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

கூண்டைக் கழற்றியது நான். பொய்யை அடுக்கியது நான். ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் தாமதித்ததும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் அநாதையாகச் செத்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்டோருக்குப் போய் வந்த நேரம் போக, கடைசி மூச்சுவரை நான் அவன் பக்கத்திலேயேதான் இருந்தேன்.