புல்லில் ஒரு வலை

எண்ணூரிலிருந்து ராயபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் காய்ந்த புல்லை வைத்து ஏதோ முடிந்துகொண்டே வந்தாள்.

"எங்க முயலு சாவப் பாத்ததே எம் புருசனாலதான்க்கா," என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். "அவரு இன்னா பண்ணாரு?"

"மீன்புடி தடைக்காலம், கடலுக்குப் போவல. சும்மா கீறவரு பழைய வலையில அதுக்குக் கூண்டு கட்டிட்டாரு. அது நாள் பூரா வலையக் கடிக்கும். இவரு ஒடனே ஊசிய எத்துகினு வந்து கடிச்ச எடத்த முடிஞ்சிருவாரு. அது மறுபடி கடிக்கும்."

"நைலான் நூலாச்சே, துன்னா இன்னா ஆவும்?"

"வயிறு அடச்சி சுருண்டு பட்த்துகிச்சி. டாக்டராண்ட தூக்கினு ஓடுனோம், பொழச்சிகிச்சி. 'வியாதி இல்லமா, அதுக்குப் பொழுது போவல. கடிக்கப் புல்லு போடுங்க, வெளிய வுடுங்க'ன்னாரு."

"அப்பால?"

"இப்ப இவரு புல்லுலயே வலை முடிஞ்சி போடறாரு. அது ஒக்காந்து கடிச்சிப் பிரிக்குது. இவரு வேற முடியறாரு. ரெண்டும் கம்முனு கீதுங்க."

"தடைதான் முடியப்போவுதே. அவரு கடலுக்குப் போய்ட்டா?"

"அதான் நான் முடியக் கத்துகினு கீறேன்."

"முயலுக்கோசரம் இவ்ளோவா?"

அவள் தலை நிமிரவில்லை, விரல்களும் நிற்கவில்லை.

"அவரு போட்டுல போனா திரும்பி வர வாரம் ஆவும்க்கா. அதுவரிக்கும் என் கைக்கும் எதனா ஓணும்ல."