புதன்கிழமைப் படங்கள்

விண்டோஸ் போய்விட்டால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்றுதான் ஆட்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை, ஜாஸ்மி. பென்டிரைவ் வழியாகக் கம்ப்யூட்டரைத் திறந்து, வேண்டியதை வேறு டிஸ்கில் ஏற்றிவிட்டு, பிறகு புது விண்டோஸ் போடலாம். காலையில் நீ கடையில் வந்து நின்று, "உள்ளதச் சொல்லுங்க அண்ணே, அந்தப் படங்களக் காப்பி எடுக்க எத்தன நாள் ஆச்சு?" என்று கேட்டாய். அதை எழுதித் தருகிறேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

உன் தம்பி ஷாஜன் மஸ்கட்டில் இறந்தபிறகு அவன் பெட்டியோடு வந்த லேப்டாப்பை, உன் அம்மா துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நெய்யூரிலிருந்து கோட்டாற்றில் என் கடைக்கு பஸ்ஸில் வந்தார். "ஓப்பன் ஆவல மக்கா. எனக்க பிள்ளைக்க படமெல்லாம் இதுக்குள்ள உண்டு" என்றார். மறுநாளே எல்லாம் எடுத்துவிட்டேன். முந்நூற்றுப் பத்துப் படம், ஒரு குரல் பதிவு.

புதன்கிழமை வந்தவருக்கு முதல் படத்தைத் திரையில் காட்டினேன். ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு அவன் கதையைச் சொன்னார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ சாப்பிட்டியா மக்கா?" என்றார். என் மனைவி பிரிஜா இறந்து ஆறு வருடம். கடைக்கு வருகிறவர்கள் அவரவர் பொருளைப் பார்த்துத்தான் பேசுவார்கள். டிஸ்க் அடிபட்டிருக்கிறது, வாரத்துக்கு ஒரு படம்தான் எடுக்க வரும் என்று அப்போது சொன்னேன். அடுத்த புதனிலிருந்து தூக்குப்பாத்திரத்தில் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்தார்.

மூன்றாம் மாதம் அவர் உட்காராமலே சொன்னார். "ஜெபமணி, கண்ணுக்க நரம்பு செத்துட்டு வருதுன்னு டாக்டரு சொல்லுகாரு. கண்ணு இருக்கும்போ எனக்க பிள்ளையக் கண்டுக்கிடணும். உள்ளத வேகம் எடுத்துத் தா மக்கா."

அடுத்த வாரத்திலிருந்து இரண்டு படமாக்கினேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்திருந்தால் அவர் வீட்டுக்குள்ளேயே அழுதுகொண்டு கிடந்திருப்பார். புதன்கிழமை என்று ஒன்று இருந்ததால்தான் குளித்து, நல்ல சேலை உடுத்தி, பஸ் பிடித்து வந்தார். நீ அப்போது குவைத்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாய். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

பிறகு ஒரு புதன்கிழமை இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கிவிட்டார். யாரோ ஒருவர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "லைட்டப் போடு மக்கா" என்றார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அதற்கப்புறம் படங்களை நான் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டை என்ன நிறம் என்பார், நீலம் என்பேன். சிரிக்கிறானா என்பார். சிரிக்காத படத்திலும் சிரிக்கிறான் என்றே சொல்லியிருக்கிறேன். ஷாஜனை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

இந்தக் கடிதத்தோடு டிஸ்கையும் கொடுத்துவிடுகிறேன். முந்நூற்றுப் பத்தும் அதில் உண்டு. அம்மா கண்ணால் பார்த்தது அறுபத்திரண்டு. மற்ற இருநூற்று நாற்பத்தெட்டையும் பார்க்கவிடாமல் செய்தது நான்தான். லேப்டாப் டிஸ்கில் ஒரு கேடும் இருந்ததில்லை. நீ யாரிடம் போய்ச் சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

குரல் பதிவு மட்டும் அதில் இருக்காது. அம்மாவின் பிறந்தநாளுக்கு அனுப்ப ஷாஜன் பேசிவைத்து, அனுப்பாமலே போனது. நாலு நிமிடம், நல்ல தெளிவு. "அம்மா, சாப்பிட்டியா?" என்றுதான் தொடங்குகிறான். அப்படி ஒன்று இருப்பது இதுவரை அம்மாவுக்குத் தெரியாது. நீ சொல். அதை அம்மாவே வந்து வாங்கிக்கொள்ளட்டும். புதன்கிழமை நெய்யூரில் பஸ் ஏற்றி மட்டும் விடு, இங்கே நிறுத்தத்தில் நான் நிற்பேன்.