அனுப்புநர் பெயர்

மெயில் ப்ரோக்ராமைப் புதிதாகத் திறந்தால் அது முதலில் கேட்பது பெயரைத்தான். என்ன பெயர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், இது உன் பெயர்தானா என்று திருப்பிக் கேட்காது. எங்கள் லாரி கம்பெனி ஆபீசில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் மெயில் அமைத்துக் கொடுப்பது நான்தான். அதனால் எனக்கு இது பழக்கம்.

நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்துவிட்டுக் கேள். இவ்வளவு தூரம் தனியாக வந்திருக்கிறாய். “ஒரு தடவையாவது ஏன் வந்து பார்க்கலைன்னு அவர் அம்மாகிட்டக் கேட்கணும்” என்கிறாய். அக்கா கண் டாக்டரிடம் போயிருக்கிறாள், வந்துவிடுவாள். அதற்கு முன் என்னைக் கேட்பதுதான் முறை. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

உன் புருஷனை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவு சேட்டை. அத்தான் இறந்தபிறகு அக்கா நெசவு மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போனாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் நான். எனக்கு வந்த ஒன்றிரண்டு வரன்களும் என் இடுப்பில் அவனைப் பார்த்துவிட்டு, காபி ஆறுவதற்குள் எழுந்துபோயின. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

உன்னைக் கட்டிக்கொள்ளும் விஷயத்தில் அம்மாவும் பிள்ளையும் முட்டிக்கொண்டார்கள். அவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். அக்காதான் முதலில் இறங்கி வந்தாள். “நான்தான்டீ வாய் விட்டுட்டேன். அவன்கூடப் பேசணும், ஏதாவது வழி பண்ணு” என்றாள். மில் இரைச்சலில் அவள் காது போய்விட்டிருந்தது, போன் உதவாது. அவன் விட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, மெயில் கணக்கு அமைத்தேன். அன்று எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். அதை நீ நம்ப வேண்டும்.

அவனுடைய முதல் பதில் வந்தபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். “அம்மா, கோபமெல்லாம் போச்சு. நீ இங்கேயே வந்துடு. உனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கிட்டோம்.” முழுவதும் படித்தேன். மறுபடி மேலிருந்து படித்தேன். சித்தி என்ற வார்த்தை அதில் எங்குமே இல்லை.

“வந்துச்சாடீ?” என்று அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். இல்லை என்று கையசைத்தேன்.

மறுநாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அக்காவுக்கு வேறு கணக்கு போட்டேன். அவனுக்குத் தெரிந்த பழைய கணக்கை என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொண்டேன். பிறகு இன்னொரு கணக்கு தொடங்கி, பெயர் கேட்ட இடத்தில் வாலு என்று அடித்து, அதிலிருந்து அக்காவுக்கு எழுதினேன். அந்த ப்ரோக்ராமில் வருகிறவர் பெயர்தான் பெரிதாகத் தெரியும். முகவரியை யார் பார்க்கிறார்கள்? அவன் அம்மாவுக்கு எழுதியது எனக்கு வந்தது. அக்கா அவனுக்கு எழுதியதும் எனக்கே வந்தது. இருவருக்கும் நான் பதில் எழுதினேன். கோபம் ஆறவில்லை, வரமாட்டேன் என்று அவனுக்கு அம்மா எழுதினாள்.

அக்காவை நான் வாட விடவில்லை. வேலை நன்றாகப் போகிறது, இப்போது வர லீவு இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள் என்று அவன் எழுதுவான். “சித்தி இல்லேன்னா நான் இல்லை, அவங்களை விட்டுட்டு எங்கேயும் போயிடாதே” என்றும் ஒரு முறை எழுதினான். அக்கா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள். “பாருடீ, பிள்ளை மறக்கலை.” நானே எழுதியதுதான். இருந்தும் அன்றிரவு அதை மறுபடி திறந்து படித்தேன்.

அவனுக்கு உடம்பு கெட்டபோது வந்த மெயிலை அவன் எழுதுகையில் நீ பக்கத்தில் இருந்திருப்பாய். “கிட்னி ரெண்டும் போயிடுச்சும்மா. உன்னோடது பொருந்தலாம்னு டாக்டர் சொல்றார். கேட்கவே கூச்சமா இருக்கு.” மத்தியானம், ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வரமுடியாது என்று அடித்தேன். அழித்தேன். “என் உடம்புக்கு ஆகாது. கடவுள் விட்ட வழி. அம்மா” என்று மாற்றி அனுப்பினேன். திரும்பி வந்த கணக்குப்பிள்ளை, “ஏங்க்கா, கண்ணு கலங்கியிருக்கு?” என்று கேட்டார். தூசி என்றேன்.

அவன் எனக்குப் போனும் செய்தான்.

“சித்தி, அம்மா நிஜமாவே அப்படித்தான் எழுதினாளா?”

“ஆமாப்பா. அவ மனசு இன்னும் இறங்கலை.”

“நீயாவது சொல்லிப் பாரேன், சித்தி.”

“சொல்றேன்பா.”

அந்தக் குரலுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவுக்கு வயதாகிவிட்டது, டாக்டரே வேண்டாம் என்றிருப்பார், பொருந்தியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பொருந்திவிடும் என்று பயந்துதான் அப்படி எழுதினேன். பொருந்தினால் அக்கா அடுத்த விமானத்தில் கிளம்பிவிடுவாள். பேரப்பிள்ளை, உனக்கென ஒரு ரூம் என்று அங்கேயே தங்கியும்விடுவாள். நான் இந்த வீட்டில் யாருக்கு விளக்கைப் போட்டு வைப்பேன்?

அவன் போய்விட்டதாக நீ அனுப்பிய மெயிலும் என்னிடம்தான் வந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து, “அம்மா, நலமாக இருக்கிறேன், வேலைதான் கொஞ்சம் அதிகம்” என்று அக்காவுக்கு எழுதினேன். அவள் துடிக்கக்கூடாது, அவ்வளவுதான். போன வாரமும் எழுதினான். குழந்தைக்குப் பல் முளைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான்.

நோய் அவனைக் கொன்றது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். இல்லை. நான் கொன்றேன். ஊட்டி வளர்த்த கையாலேயே. இதை அக்காவிடமும் இன்றே, என் வாயாலேயே சொல்லிவிடப்போகிறேன். இனி மறைக்க என்னிடம் எதுவுமில்லை.

கேட் சத்தம் கேட்கிறதா? அவள்தான். அவளுக்குக் காது கேட்காதே தவிர, உதடு அசைவதைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். நீ கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரம்மா.