அடைக்கலத்துக்கு நான் போட்ட மார்க்

ஒரு இடத்தைச் சோதிக்கப் போகிறவன் முன்வாசலில் நிற்கக் கூடாது. நேரே கொல்லைப்புறத்துக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் நான் பள்ளிக்கூடங்களை அப்படித்தான் பார்த்தேன். வாசலில் மாவிலை கட்டி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வணக்கம் சொல்ல வைத்திருப்பார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போவேன். பின்னால் தொட்டியில் பாசி பிடித்திருக்கும். அது போதும், மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் ஐயா முதலிலிருந்து சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். ரைட்டர் மெதுவாகவே எழுதிக்கொள்ளட்டும், எனக்கு அவசரமில்லை. என் பெயர் வீரராகவன். வயது அறுபத்து மூன்று. உத்திரமேரூரில் சன்னதித் தெருவில் சொந்த வீடு. பள்ளித் துணை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வேலையில் என்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

ஏரி மதகைத் தாண்டிப் போனால் பழைய நெல் குடோன் ஒன்று இருக்கிறது. அதற்கு வெள்ளையடித்து, ஒன்பது கட்டில் போட்டு, தானியேல் என்பவர் அடைக்கலம் என்ற இல்லத்தை நடத்திவந்தார். முன்பு எங்கோ கம்பவுண்டராக இருந்தவர். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் அல்லவா, அப்படி அனுப்பப்பட்டவர்களில் அழைத்துப் போக ஆள் இல்லாதவர்கள் அங்கே வருவார்கள். வந்தவர் யாரும் பிழைத்துத் திரும்புவதில்லை. இருக்கிற நாட்களை அழுக்கில் கிடக்காமல், வலியில் துடிக்காமல் கழித்துவிட்டுப் போவார்கள். அந்த இல்லத்தின் வேலை அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் அதைத் தாங்கி வந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம் அதன் காரியதரிசி என் வீட்டுக்கு வந்தார். அங்கே கவனிப்பு எப்படி இருக்கிறது என்று வெளியாள் ஒருவர் பார்த்துச் சொன்னால் நல்லது என்றார். ஆறு மாதம் போய்வந்து ரிப்போர்ட் கொடுங்கள், சரியில்லையென்றால் மூடிவிட்டு நோயாளிகளை வேறெங்காவது அனுப்பிவிடலாம் என்றார். ஓய்வு பெற்று ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஒருவர் என்னைத் தேடி வந்து இப்படிக் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

முதல் நாள் சொல்லாமல்தான் போனேன். தொட்டி சுத்தமாக இருந்தது. கட்டில்களுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், தூசி இல்லை. நோயாளிகளைப் புரட்டி முதுகைக் காட்டச் சொன்னேன். செங்கேணி என்று ஒரு பெண், அவள்தான் அங்கே எல்லா வேலையும் செய்தவள், ஒவ்வொருவரையும் தூங்குகிற குழந்தையைத் திருப்புவது போலத் திருப்பிக் காட்டினாள். ஒருவர் முதுகிலும் புண் இல்லை. அதற்குப் பிறகு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நேரத்தில் போனேன். ஒரு குறையும் அகப்படவில்லை.

இது எனக்கு நிம்மதி தரவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் குறையில்லாத இடம் ஒன்றை நான் பார்த்ததே இல்லை. மறைக்கத் தெரிந்த இடங்களைத்தான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதையோ மறைக்கிறார்கள், நான் ஏமாந்துகொண்டிருக்கிறேன் என்று பட்டது. வாத்தியார் பாடம் நடத்துவதைப் பார்த்தால் மட்டும் போதாது, பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டும். அதைப் போல ஏதாவது செய்தாக வேண்டும்.

மூன்றாவது கட்டிலில் எல்லம்மாள் என்று ஒரு அம்மாள். தொண்டையில் கட்டி, குரல் வெளியே வராது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு வாய் தண்ணீர் குடித்தாக வேண்டும். அவள் தம்ளரை எடுத்து, அவள் கைக்கு ஒரு முழம் எட்டாத இடத்தில் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் கையை நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எடுத்துக் கொடுப்பேன் என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். ஆறு நிமிஷத்தில் செங்கேணி அந்தப் பக்கமாக வந்து பார்த்துவிட்டுத் தலையில் தட்டிக்கொண்டாள். தான்தான் மறந்துபோய் அங்கே வைத்துவிட்டதாக எல்லம்மாளிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் ஆறு நிமிஷம் என்று எழுதிக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை பார்த்து மார்க் போடுவது நியாயமில்லை. எனவே புதனும் சனியும் போனேன். ஒவ்வொரு கட்டில் காலிலும் ஒரு சின்ன மணி கட்டியிருக்கும், கயிற்றை இழுத்தால் சமையலறை வரை கேட்கும். இரண்டு மணிகளின் நாக்கைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். சத்தம் வராத மணியை அவர்கள் எப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மறுநாளே கண்டுபிடித்துவிட்டார்கள். வலி மருந்துச் சீசாவை அலமாரியில் இடம் மாற்றி வைத்தேன். அன்று இருபது நிமிஷம் தாமதமானது. ஏழாவது கட்டில்காரர் அந்த இருபது நிமிஷமும் போர்வையை வாயில் கவ்விக்கொண்டிருந்தார். அதையும் குறித்தேன். எனக்கு அவர் மேல் கோபமோ வெறுப்போ கிடையாது. யாரையும் அடித்ததில்லை, அதட்டிப் பேசியதில்லை. செங்கேணியே அதைச் சொல்லியிருப்பாள்.

சித்திரைக்குள் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். என் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டதும் உள்ளே பேச்சு நின்றுவிடும். நான் நுழையும்போது ஒன்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள், ஆனால் இமைகள் துடிக்கும். எல்லம்மாள் தம்ளரை இரண்டு கையாலும் மாரோடு பிடித்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் சிந்தி ரவிக்கை நனைந்திருக்கும். ஒருநாள் அதை வாங்குவதற்காக நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நான் ரிப்போர்ட்டில் இப்படி எழுதினேன்: நோயாளிகள் எந்நேரமும் பயத்தில் இருக்கிறார்கள், காரணம் விசாரிக்கப்பட வேண்டும்.

விசாரிக்கவும் செய்தேன். இங்கே யாராவது உங்களைப் பயமுறுத்துகிறார்களா என்று எல்லம்மாளின் காதருகே குனிந்து கேட்டேன், தலையை அசைத்தால் போதும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் சொல்லவும் பயப்படுகிறார்கள், நிர்வாகம் மிரட்டி வைத்திருக்கலாம் என்று எழுதினேன். கையில் கிடைத்ததை வைத்து வேறு எப்படி எழுத முடியும்?

வைகாசியில் ஒருநாள் நான் கிளம்பும்போது செங்கேணி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"சார், நீ வந்துட்டுப் போற அன்னைக்கி இதுங்க ஒரு வாய் சோறு துண்றது இல்ல. ராவெல்லாம் முழிச்சிக்கினு கீதுங்க. இன்னா சார் பண்ற இதுங்கள?"

நான் என் வேலையைச் செய்கிறேன், உன் வேலையை நீ ஒழுங்காகச் செய் என்று சொன்னேன். அவள் நகரவில்லை. அதற்குள் தானியேல் ஓடிவந்து அவளை உள்ளே போகச் சொன்னார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. என்னோடு தெரு முனை வரை நடந்து வந்தார். அவள் படிக்காதவள், அவள் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். பிறகு நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இத்த மூடிட்டா இந்த ஒம்போது பேரும் எங்க சார் போவாங்க? வுட்டுட்டுப் போறதுக்கு ரோடுதான் சார் கீது."

நான் உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்றேன். இனி நான் வரும்போது செங்கேணி கூடத்துப் பக்கமே வரமாட்டாள், என்னைத் தொந்தரவு செய்ய மாட்டாள் என்று அவராகவே சொன்னார். நான் அப்படிக் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இப்போது சடையப்பன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மதகுப் பக்கத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர். இரண்டு நுரையீரலிலும் நீர் கோத்துக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் நான்கு தலையணை அடுக்கி, சாய்த்து உட்கார வைத்தால்தான் மூச்சு விட முடியும். படுக்க வைக்கக் கூடாது என்று கட்டிலுக்கு மேலே சுவரில் தானியேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். நான் அதைப் படித்திருக்கிறேன். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, அதைத் திருத்தச் சொல்லியும் இருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுத வேண்டாம்.

ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. அதுவரை நான் பார்த்ததெல்லாம் தண்ணீர், மருந்து, மணி போன்ற சின்னக் காரியங்கள். உயிர் போகிற நேரத்தில் இவர்கள் எவ்வளவு சீக்கிரம் வருகிறார்கள் என்று பார்க்காமல் சாகப் போகிறவர்களுக்கான இல்லத்துக்கு எப்படி மார்க் போடுவது? செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்குப் போனேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. தானியேல் மருந்து வாங்கக் காஞ்சிபுரம் பஸ்ஸில் போயிருந்தார். கூடத்தில் நோயாளிகளைத் தவிர யாரும் இல்லை.

முதல் தலையணையை எடுத்தபோது சடையப்பன் முதுகைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் கொடுத்தார். உறை மாற்றப் போகிறேன் என்று நினைத்திருக்கலாம். இரண்டாவதை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பயிர் வேலை செய்த கை, ஆனால் பிடியில் பலமே இல்லை. நான் அதை மெல்ல எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் உருவினேன். மணிக்கயிற்றை அவர் கைக்கு எட்டாதபடி மேலே தூக்கி ஜன்னல் கம்பியில் போட்டேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"வேணாம் சார். தூக்கி வுடு சார். தூக்கி வுடு."

அவ்வளவுதான் அவரால் பேச முடிந்தது. அதற்குப் பிறகு ஈரத்தில் காற்று இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கட்டில் சட்டத்தைக் கையால் தட்டினார். அந்தச் சத்தம் சமையலறை வரை கேட்கும் என்றுதான் நான் கணக்குப் போட்டேன். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. குரல் கொடுத்தால் அடுத்து தங்களிடம் வருவேன் என்று பயந்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. எல்லம்மாள் மட்டும் தம்ளரைத் தரையில் எறிந்தாள். பித்தளைத் தம்ளர், நல்ல சத்தம். அது உருண்டுபோய் என் காலில் முட்டி நின்றது.

அதைக் கேட்டுத்தான் செங்கேணி வந்தாள். வாசற்படி வரை வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் இருக்கும்போது உள்ளே வரக்கூடாது என்பது அவளுக்கு இடப்பட்ட உத்தரவு. பிறகு கட்டிலைப் பார்த்தாள். ஓடிவந்து அவரைத் தூக்கித் தன் மார்மேல் சாய்த்துக்கொண்டு, நெஞ்சைத் தடவி, பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பெரியப்பா, பெரியப்பா என்றும் கூப்பிட்டாள். உறவு ஒன்றும் இல்லை, சும்மா அப்படிக் கூப்பிடுவது வழக்கம். அவர் தலை அவள் தோளில் ஆடியது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. என் கையில் இருந்த பென்சிலைப் பார்த்தாள். தலையணை நான்கும் என் மடியில் இருந்தன.

பதினான்கு நிமிஷம். பணியாளர் உரிய இடத்தில் இல்லை, அவசர நேரக் கவனிப்பு மிகவும் மோசம் என்று எழுதினேன். அன்று சாயங்காலமே ரிப்போர்ட்டைத் தபாலில் சேர்த்துவிட்டேன். அதற்குள் செங்கேணி நடந்தே வந்து உங்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீங்கள் என்னை அழைத்து வருவதற்குள் ஸ்தாபனத்தார் என் ரிப்போர்ட்டை வைத்து இல்லத்தை மூடிவிட்டார்கள். எல்லம்மாளை எங்கே கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரித்தேன், யாரும் சொல்லவில்லை.

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

சடையப்பனைக் கொன்றது நான்தான். தலையணைகளை எடுத்தது நான். திரும்ப வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் மூன்றாவது நிமிஷத்தில் பிழைத்திருப்பார், ஐந்தாவது நிமிஷத்திலும் பிழைத்திருப்பார். யாராவது வந்திருக்க வேண்டும். நான் மறுபடி தலையணையை வைத்திருந்தால் அது சோதனையாக இருந்திருக்காது. இதை உங்களுக்குப் புரிய வைக்க முடியவில்லை என்று தெரிகிறது.

வீட்டில் யாரும் நோயில் கிடந்ததில்லையா என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்கிறார். இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். என் மனைவி வேதா இரண்டு வருஷம் உள்ளறையில் படுக்கையில் இருந்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் என் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. கடைசி நாள் மத்தியானம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். நான் கூடத்தில் வருஷாந்தர ஆய்வு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். முடித்துவிட்டுப் போனேன். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று கேட்கிறீர்கள். சொல்லத் தெரியவில்லை. அன்று நான் மணி பார்க்கவில்லை.