கல் கதவும் பல் டாக்டரும்

பிஸ்கட்டைத் தேநீரில் முக்கித் தின்பவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர்கள் விட்ட ஒற்றெழுத்தைத் தேடிப் பிடிக்கிற வேலை. ஞாயிறு மத்தியானம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, அந்தக் கதைக்குள் நடப்பார்கள். கதை சொல்வது நான். அக்கா மருந்துக் கடை வைத்திருப்பவள். மேசையில் அவள் கைதேர்ந்த திருடி. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். மேசையில் கோடாலி வீரர். மூன்றாமவர் என் இருபது வருஷ நண்பர், பல் டாக்டர். அவர்தான் மந்திரவாதி.

இந்த மாதிரி விளையாட்டுகளில் சொற்புதிர் வைப்பவர்கள் பெரும்பாலும் அயோக்கியர்கள். யாருக்கும் தெரியாத சொல்லை விடையாக வைத்துவிட்டு, மற்றவர்கள் முழிப்பதைப் பார்த்து மீசையை முறுக்குவார்கள். நான் அப்படி இல்லை. விடை எட்டு வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும். துப்பு கண்முன்னால் இருக்க வேண்டும். சரியான விடையைச் சொன்னால் கதவு திறந்தே ஆக வேண்டும். இந்த மூன்றாவது விதியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

என் கதையில் வரும் ஒரு மலைக்கோட்டையின் கல் கதவுக்கு மூன்று மாதம் உழைத்தேன். கதவில் செதுக்கியிருந்தது இதுதான்:

‘எனக்கு எழுத்து மூன்று. முழுசாக இருந்தால் உன்னோடே நடப்பேன். நடுவெழுத்தை எடுத்தால் உன்னை நடக்க விடமாட்டேன்.’

திணறினால் உதவட்டுமென்று சுவரில் ஒரு விளக்கு, தரையில் வெயில்கோடு, கண் தெரியாத ஒரு காவல்காரன் என்று துப்புகளை அடுக்கியிருந்தேன். காவல்காரனுக்கு ஒரு குரல்கூடப் பழகி வைத்திருந்தேன். மூன்று ஞாயிறு போகும் என்று கணக்கு.

வாசித்து முடித்தேன். பல் டாக்டர் பிஸ்கட்டை முக்கி வாயில் போட்டுக்கொண்டே, “நிழல்” என்றார்.

நாலு நொடி. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிஸ்கட் நனைந்த பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்ததில்தான் அவர் கவனம் முழுதும் இருந்தது.

“இல்லை” என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்த சொல் அது. வந்த பிறகு அதற்கு மரியாதை கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர்கள் காவல்காரனிடம் பேசினார்கள். அதற்கடுத்த ஞாயிறு அத்தான் கோடாலியால் கதவை வெட்டினார்; கோடாலிதான் உடைந்தது. வாரமெல்லாம் லிஃப்டில் மாட்டியவர்களை வெளியே எடுக்கிற மனுஷன், ஞாயிறானால் என் கதவுக்கு முன்னால் தலையைச் சொறிந்தார். அக்கா மூன்றெழுத்துச் சொற்களை அகர வரிசையில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொன்னேன். அவை உண்மையிலேயே தப்பு என்பதால் எனக்கு அதில் சங்கடம் இல்லை.

நாலாவது ஞாயிறு பல் டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “எனக்கென்னவோ இன்னமும் நிழல்னுதான் தோணுதுப்பா. நடுவெழுத்தை எடுத்தா நில்லுன்னு வருது. நில்லுன்னா நடக்க விடலைன்னுதானே அர்த்தம்?”

அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தேன். “முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் தோணும் டாக்டர்” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் பிஸ்கட் எடுப்பதில்லை. கிளினிக்கில் எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், பல்லைக் காட்ட வந்தவரிடமே “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்கிறார் என்றெல்லாம் அக்கா சொன்னாள். வாயைத் திறந்து வைத்திருப்பவர் என்ன பதில் சொல்ல முடியும். ஏழாவது வாரம் கிளினிக் வாசலில் ‘விடுமுறை’ என்று பலகை தொங்கியது. ஓய்வு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது ஞாயிறு, தட்டு வைக்க இடம் வேண்டுமென்று அக்கா என் குறிப்பேட்டை நகர்த்தினாள். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் அதைத் திறந்தபடியே போட்டிருந்தேன். வருஷக்கணக்காக டாக்டர்கள் எழுதும் சீட்டுகளை வாசித்துப் பிழைப்பவள் அவள் என்பது அப்போது நினைவில் இல்லை. குரலை உயர்த்தாமல், மாத்திரைப் பெயரைப் படிப்பது போலவே வாய்விட்டுப் படித்தாள்.

“விடை நிழல். டாக்டர் முதல் நாளே சொல்லிட்டார். சமாளிக்கவும்.”

டாக்டர்தான் முதலில் பேசினார். “அப்போ அன்னைக்கு நான் சொன்னது…”

“சரிதான்” என்றேன். கேட்ட பிறகு மறைப்பது நியாயமில்லை.

அவர் கையிலிருந்த பகடையைத் தூக்கிக் காட்டினார். “என் மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சுப்பா. நாலு பேருக்கு எந்தப் பல்லைப் பிடுங்கறதுன்னு இதை உருட்டித்தான் முடிவு பண்ணேன்.”

“எத்தனை சரியா வந்துச்சு?” என்று அத்தான் கேட்டார்.

“ஒண்ணு.”

அக்கா என்னைப் பார்த்தாள். “ஏன்டா இப்படிப் பண்ணே?”

“அவர் மென்னுக்கிட்டே சொன்னார்” என்றேன். வேறு எப்படிச் சொல்வது.

சண்டையை வளரவிடாதவர் அத்தான். “ஆனது ஆச்சு, விடு. மச்சான், கதவைத் தொற. உள்ள என்னதான் இருக்குன்னு பார்த்துட்டுப் போவோம்.”

இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. மூன்று மாதமும் கதவுக்கே சரியாகிவிட்டது. அதற்குப் பின்னால் அறையோ, பாம்போ, புதையலோ, ஒரு முக்காலிகூட நான் எழுதியிருக்கவில்லை. அவர் சொன்ன அந்த நாலாவது நொடியில், மூன்று பேரும் வெறும் வெள்ளைத்தாளுக்குள் காலை வைத்திருப்பார்கள். நான் “இல்லை” என்றது ஒரு வகையில் அவர்களைக் காப்பாற்றத்தான்.

அதையும் சொன்னேன். மூவரும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். இப்போது டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து விளையாடுகிறார்களாம். அக்காதான் கதை சொல்கிறாளாம். அவள் கதையில் கதவே கிடையாதாம். எல்லா இடத்திலும் திரைச்சீலைதானாம்.

குற்றத்தை மறுக்கவில்லை. ஒன்பது ஞாயிறு, மூன்று நல்ல பற்கள், ஒரு நண்பர், எல்லாம் என்னால் போனவைதான். ஆனால் அந்தப் புதிர் நியாயமில்லாதது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. நாலே நொடியில் ஒருவர் விடை கண்டுபிடித்தாரே, அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்.